சத்துமாவுப் பாக்கெட்டில் 'ஆர்கானிக்' என்று போடச் சொல்கிறார்கள். சான்றுள்ள தானியம் எங்கே, எப்படி வாங்குவது?

மாவு அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கரூர் பக்கம் சின்ன அளவில் சத்துமாவு செய்து விற்கிறேன், ஆறு வருடமாகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, வறுக்க ஒரு டிரம், கூட வேலைக்கு இரண்டு பெண்கள். அரைப்பது மட்டும் பக்கத்துத் தெரு மில்லில். மாதம் 600 கிலோ வரை போகிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் சரியாக இருக்கிறது.

போன மாதம் கோவையில் நான்கு கிளை வைத்திருக்கும் ஒரு கடைக்காரர் வந்து பார்த்தார். மாவு பிடித்துவிட்டது. "பாக்கெட்டில் ஆர்கானிக் என்று போட்டு, அரசின் ஆர்கானிக் முத்திரையும் இருந்தால் நல்ல ஆர்டர் தருகிறேன்" என்கிறார். எனக்கு ஆசைதான். ஆனால் எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை.

கேழ்வரகு எங்களுக்குத் தெரிந்த ஒரு விவசாயியிடம் வாங்குகிறேன். அவர் உரமோ மருந்தோ போடுவதில்லை, நானே காட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவரிடம் சான்று எதுவும் கிடையாது. வேறொரு வியாபாரி ஒரு சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எல்லாத் தானியமும் ஆர்கானிக்காகவே தருகிறேன், கிலோவுக்கு 8 ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்" என்கிறார். அதை வாங்கி அரைத்தால் முத்திரை போட்டுக்கொள்ளலாமா?

என் கலவையைச் சொல்லிவிடுகிறேன். நூறு கிலோவுக்கு: கேழ்வரகு 40, கம்பு 15, சாமை 10, பாசிப்பயறு 10, பொட்டுக்கடலை 8, சம்பா கோதுமை 7, பாதாம் 5, முந்திரி 3, சுக்கு 1, ஏலக்காய் 1. இதில் எல்லாமே ஆர்கானிக்காக இருக்க வேண்டுமா, முக்கியமானது மட்டும் இருந்தால் போதுமா? செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பெஞ்சு ஓரம் எழுதியது:

எதற்கு இவ்வளவு யோசனை? ஆர்கானிக் கடையில் முத்திரை போட்ட பாக்கெட்டாகவே வாங்கி வந்து அரைத்துவிடுங்கள். பொருள் ஆர்கானிக் என்றால் மாவும் ஆர்கானிக்தானே! விலைதான் கொஞ்சம் எகிறும்.


சாக்குமூட்டை எழுதியது:

பெஞ்சு ஓரம் தம்பி சொன்னதைச் செய்துவிடாதீர்கள், அம்மணி. விலை போகட்டும், அந்த வழியில் முத்திரையே வராது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் 22 வருடம் கொள்முதல் வேலை பார்த்தவன். குழந்தை உணவு, பானப் பொடி செய்யும் கம்பெனிகளுக்குத் தானியமும் மசாலாவும் வாங்கிப் போடுவதுதான் பிழைப்பு. அதில் கடைசிப் பதினோரு வருடம் ஆர்கானிக் மட்டும். இப்போது ஓய்வு. முழங்கால் வலியும் கொஞ்சம் ஞானமும் மிச்சம். அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். 2017-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆர்கானிக் உணவுக்கென்று தனி விதிகள் போட்டது. அதன்படி ஆர்கானிக் என்று சொல்லி விற்க இரண்டு வழி. ஒன்று மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா நடத்தும் என்பிஓபி, அதாவது தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். 2001-லிருந்து இருக்கிறது, வெளியாள் வந்து பார்த்துச் சான்று தருவார். இன்னொன்று விவசாய அமைச்சகத்தின் பிஜிஎஸ். அதில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் காட்டை இன்னொருவர் பார்த்து உறுதி சொல்வார்கள். சிறு விவசாயி தன் விளைச்சலைத் தானே நேராக வாடிக்கையாளருக்கு விற்றால் சான்று இல்லாமலே விற்க ஒரு விலக்கும் உண்டு. அந்த விலக்கு உங்களுக்கு இல்லை, ஏனென்றால் நீங்கள் பலரிடம் வாங்கி, கலந்து, அரைத்து, கடைக்கு விற்கிறீர்கள். பிஜிஎஸ் என்பது குழுவாக இருக்கும் விவசாயிகளுக்காக வைத்த ஏற்பாடு. பத்து ஊர்ப் பொருளைக் கலக்கும் உங்களுக்கு என்பிஓபிதான் வழி. பிஜிஎஸ் தானியத்தை வாங்கி வந்து என்பிஓபி கணக்கில் ஆர்கானிக் என்று காட்டவும் முடியாது. எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் சறுக்கி விழுந்தார்கள்.

அடுத்தது, நிறையப் பேருக்கு உறைக்காத விஷயம். தானியத்துக்குச் சான்று இருந்தால் மட்டும் போதாது. உங்கள் தகரக் கொட்டகைக்கும் சான்று வேண்டும். அந்தப் பக்கத்துத் தெரு மில்லும் அதில் சேரும். காட்டிலிருந்து பாக்கெட் வரை பொருள் யார் கைக்கெல்லாம் மாறுகிறதோ, அதைத் தொட்டு வேலை செய்கிற ஒவ்வொருவரும் சான்றுக்குள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அதற்கு அப்புறம் வருவது எல்லாம் சாதாரணப் பொருள்தான்.

இப்போது அந்த வாட்ஸ்அப் சான்றிதழ். அதற்கு ஸ்கோப் சர்டிபிகேட் என்று பெயர். இன்னார் இன்ன பயிரை ஆர்கானிக்காகச் செய்யத் தகுதி உள்ளவர் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். உங்களுக்கு வந்த மூட்டையைப் பற்றி அதில் ஒரு வரி கூட இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது டிசி. ட்ரான்சாக்‌ஷன் சர்டிபிகேட். பள்ளிக்கூட டிசி மாதிரியே வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பிள்ளை, எந்தப் பள்ளியிலிருந்து, எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று இருக்குமல்லவா? இதிலும் விற்பவர் பெயர், வாங்கும் உங்கள் பெயர், என்ன பொருள், எத்தனை கிலோ, எந்த லாட் என்று எல்லாம் இருக்கும். விற்பவருக்குச் சான்று கொடுத்த நிறுவனம் அபேடாவின் ட்ரேஸ்நெட் கணினி வழியாக அதைத் தரும். அந்த விவசாயியின் பரப்புக்கு இவ்வளவுதான் விளையும் என்று கணினியில் ஏற்கெனவே கணக்கு இருப்பதால், விற்க விற்க அதிலிருந்து கழிந்துகொண்டே வரும். டிசி இல்லாமல் வந்த தானியத்தை உங்கள் சான்றுக்காரர் ஆர்கானிக் கணக்கில் எடுக்கவே மாட்டார். தம்பி சொன்ன கடைப் பாக்கெட் யோசனை உடைவது இங்கேதான். பாக்கெட்டில் முத்திரை இருக்கும், உங்கள் பேருக்கு டிசி இருக்காது.

நானும் ஏமாந்தவன்தான். ஒரு வருடம் ஒரு வியாபாரி நல்ல தாளில் அச்சடித்த ஸ்கோப் சர்டிபிகேட் காட்டி 9 டன் கேழ்வரகு இறக்கினார். டிசி "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் விசாரித்தால், அந்த விவசாயக் குழு அந்த வருடம் விற்றது மொத்தமே 12 டன். அதே தாளின் நகலை வைத்து எங்களையும் சேர்த்து நான்கு பேருக்கு அவர் விற்றிருக்கிறார். 9 டன்னையும் சாதாரணக் கணக்கில் மாற்றி, வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிட்டோம். அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம்: டிசி கைக்கு வராமல் முழுப் பணம் கிடையாது. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அதை எழுதிவிடுவேன். உண்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிற ஆளிடம் வாங்காதீர்கள்.

சரி, கலவைக்கு வருவோம். எடையில் 95 சதவீதமாவது சான்றுள்ள பொருளாக இருந்தால் ஆர்கானிக் என்று போடலாம். 70-லிருந்து 95-க்குள் என்றால் 'ஆர்கானிக் பொருட்களால் செய்தது' என்கிற மாதிரி மட்டும். 70-க்கும் கீழே போனால் பின்பக்கப் பட்டியலில் அந்தந்தப் பொருளுக்குப் பக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். தண்ணீரும் உப்பும் இந்தக் கணக்கில் வராது. ஒரே பொருளைப் பாதி ஆர்கானிக், பாதி சாதாரணம் என்று கலக்கவும் கூடாது.

உங்கள் பாதாம் 5, முந்திரி 3, ஏலக்காய் 1, மூன்றும் சாதாரணம் என்றால் 91-தான் தேறும். அந்த ஒன்பது கிலோவுக்காக மற்ற எல்லாவற்றையும் தேடி வாங்கிய உழைப்பு வீண். பாதாமைத் தூக்கிவிட்டு நிலக்கடலையைப் போடுங்கள் என்பேன். பாதாம் நமக்குப் பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறது. அங்கே பாதாமில் கிருமி நீக்குவதுண்டு, அதைச் சிலர் ஆவியில் செய்வார்கள், சிலர் ப்ரொப்பிலீன் ஆக்ஸைடு வாயுவில் செய்வார்கள். வாயு பட்டது ஆர்கானிக்கில் சேராது. மாதம் முப்பது கிலோவுக்காக அதைத் துருவிக்கொண்டு இருக்க உங்களுக்கு நேரமிருக்கிறதா? நிலக்கடலை நம் காட்டில் விளைகிறது. பூஞ்சை பிடிக்காத பருப்பாக, ஈரம் பார்த்து வாங்கினால் போதும்.

முந்திரியைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளலாமா என்றால், ஐந்து சதவீதத்துக்குள் அடங்கினாலும் ஆர்கானிக்கில் அது கிடைக்கவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். முந்திரி கிடைக்கிறது. ஆகவே வாங்கத்தான் வேண்டும். ஏலக்காய் ஒரு கிலோதானே என்று நினைக்காதீர்கள். ஏலம் மருந்து அதிகம் குடிக்கிற பயிர். ஆர்கானிக் உணவில் பூச்சிமருந்து எச்சம், சாதாரண உணவுக்கு வைத்த உச்ச அளவில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கருவி அளக்க முடிகிற அடிமட்டம் அதைவிட மேலே இருந்தால் அந்த அடிமட்டம்தான் எல்லை. ஒரு கிலோ ஏலக்காய் நூறு கிலோ மாவை ஆய்வகத்தில் மாட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுக்கை இரண்டாக்கிவிட்டு ஏலக்காயை விட்டுவிடலாம், வாசம் குறைந்தால் வாடிக்கையாளர் திட்டுவார்களா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் பொட்டுக்கடலை. இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கொண்டைக்கடலையை ஆர்கானிக்காக விளைவிப்பவர் உண்டு. ஆனால் அதை நனைத்து, வறுத்து, தோல் நீக்கி, உடைப்பது தனியான பொரிகடலை மில். அந்த மில்லுக்கும் சான்று வேண்டும். எனக்குச் சரியான மில் கிடைக்கவே இல்லை. கடைசியில் கொண்டைக்கடலையாக வாங்கி எங்கள் டிரம்மிலேயே வறுத்தோம். சாமைக்கும் உமி நீக்கும் மில்லில் இதே கதைதான்.

எங்கே தேடுவது என்றால், அபேடா தளத்தில் சான்றுள்ளவர் பட்டியலும் ஒவ்வொருவர் நிலையும் பார்க்கலாம். சான்று வாங்க நம் ஊரிலேயே ஆள் உண்டு: கோவையில் இருக்கும் அங்ககச் சான்றளிப்புத் துறை, அரசுடையது, 2007-லிருந்து. அபேடா அங்கீகரித்த தனியார் நிறுவனங்களும் இருக்கிறார்கள். முதலில் ஒரு சான்றுக்காரரிடம் போய் உங்கள் கலவையைக் காட்டிவிட்டு அப்புறம் தானியம் தேடுங்கள். நிறையப் பேர் தலைகீழாகச் செய்து, குடோன் நிறைய வாங்கி வைத்துவிட்டு விண்ணப்பிக்கிறார்கள்.

உங்கள் கேழ்வரகு விவசாயியை விட்டுவிடாதீர்கள். அவர் இன்று விண்ணப்பித்தாலும் ஆண்டுப் பயிர் நிலத்துக்கு மாறுகாலம் 2 வருடம், மரப்பயிர் என்றால் 3. தனியாளாக அவருக்குச் செலவு தாங்காது, பக்கத்தில் ஏதாவது குழுவில் சேர்த்துவிடப் பாருங்கள். அதுவரை அவர் கேழ்வரகை ஆர்கானிக் என்று எழுதாத இன்னொரு மாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'இயற்கை' என்று போட்டுச் சமாளிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்கும் 2018 விளம்பர விதிகளில் கட்டு இருக்கிறது, பல பொருள் கலந்த மாவை அப்படியே 'இயற்கை' என்று சொல்ல முடியாது.


மலைச்சாமை எழுதியது:

சாக்குமூட்டை ஐயா சொன்னது எல்லாம் சரி. விற்கிற பக்கத்திலிருந்து நானும் நாலு வார்த்தை. ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு விவசாயக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். சாமைதான் எங்கள் முக்கியப் பயிர்.

எங்கள் மலையில் பாட்டன் காலத்திலிருந்து சாமைக்கு மருந்து அடித்த ஆளே கிடையாது. ஆனாலும் சான்று வாங்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு வரைபடம், விதை எங்கே வாங்கினாய், பக்கத்துக் காட்டுக்காரன் என்ன தெளிக்கிறான் என்று எல்லாம் எழுத வேண்டும். எங்கள் குழுவிலேயே இரண்டு பையன்கள் உள் ஆய்வாளராக வீடு வீடாகப் போகிறார்கள். அவர்கள் முடித்த பிறகு சான்று நிறுவனத்தார் வந்து சில காடுகளைத் தேர்ந்து பார்ப்பார்கள். ஒரு ஆள் தப்புச் செய்து மாட்டினால் மொத்தக் குழுவுக்கும் தலைவலி.

வாங்குகிறவர்களிடம் எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆடியில் விதைக்கும்போது யாரும் போன் செய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அறுத்து அடித்து மூட்டை கட்டிய பிறகு, தையில் கூப்பிட்டு "மாதம் 60 கிலோ தாருங்கள்" என்பார்கள். அக்கா, உங்களுக்கும் கணக்கு மாதம் 60 கிலோதான் வருகிறது. ஒவ்வொரு 60 கிலோவுக்கும் ஒரு டிசி எடுத்தால் அந்தக் கட்டணமும் வண்டி வாடகையும் சாமை விலையைத் தாண்டிவிடும். வருடத்துக்கு 720 கிலோ. ஒரே லாட், ஒரே டிசி, ஒரே வண்டி. விதைக்கும்போதே பேசிவிட்டு, கொஞ்சம் முன்பணமும் கொடுத்தால் உங்களுக்கென்று எடுத்து வைப்போம். முன்பணம் வராவிட்டால் யார் முதலில் லாரியோடு வருகிறாரோ அவருக்குத்தான், அதில் ஒளிவு மறைவு இல்லை.

இன்னொன்று. அரிசியாகக் கேட்கிறீர்களா, உமியோடு கேட்கிறீர்களா என்று தெளிவாகச் சொல்லுங்கள். எங்கள் மில்லில் நூறு கிலோ சாமைக்கு 60 கிலோ அரிசி வந்தால் அது நல்ல நாள். அரிசியாக வேண்டுமென்றால் சான்றுள்ள மில்லிலேயே குத்தித் தருவோம். உமியோடு இருந்தால் வருடக்கணக்கில் கெடாது, அரிசியாக்கிவிட்டால் சில மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும்.


மாவு அக்கா எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி மலைச்சாமை தம்பி. இரண்டு முறை படித்தேன், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பொட்டுக்கடலை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

வியாபாரியிடம் டிசி கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் ஏற்றுமதிக்குத்தாம்மா, உள்ளூருக்கு யார் கேட்கிறா" என்றார். அப்புறம் போனே எடுக்கவில்லை.

இன்னும் மூன்று சந்தேகம். ஒரு வருடத் தானியத்தை மொத்தமாக வாங்கினால் வண்டு பிடிக்காதா? இப்போது மூட்டைக்குள் மாத்திரை வைத்துவிடுகிறோம், ஆர்கானிக்கில் அது ஆகாது என்று நினைக்கிறேன். மில்காரர் நல்ல மனிதர், ஆனால் அவரிடம் மிளகாய்த் தூள் முதல் ரேஷன் கோதுமை வரை எல்லாம் அரைபடும், அங்கே எப்படி? கடைக்காரர் இப்போது நாட்டுச்சர்க்கரை சேர்த்த மாவும் கேட்கிறார், கவுந்தப்பாடி சர்க்கரை நல்ல பெயர் உள்ளதாயிற்றே, அதைப் போடலாமா?


சாக்குமூட்டை எழுதியது:

அந்த வியாபாரி போனை எடுக்காதது உங்கள் அதிர்ஷ்டம், அம்மணி.

மாத்திரை கூடவே கூடாது. அதற்குப் பதில் காற்றுப் புகாத உள்பை விற்கிறார்கள், சாக்குக்குள் போட்டு இறுகக் கட்டுவது. உள்ளே இருக்கிற வண்டு மூச்சுக்குக் காற்றில்லாமல் செத்துவிடும். தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தோடு கட்டினால் வண்டு போய் பூஞ்சை வரும். பெரிய ஆட்கள் கரியமில வாயு விட்டு மூடுவார்கள். பயறுக்கு நம் பெரியவர்கள் செம்மண் கட்டினார்களே, அதுவும் ஆகும், கழுவுவதுதான் பெரிய வேலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். கேழ்வரகு தாங்கும், ஒரு வருடத்துக்கு எடுக்கலாம். கம்பைத் தானியமாக வைத்து வாராவாரம் அரையுங்கள், கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும் என்று உங்களுக்கே தெரியும்.

சாக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், என் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஒருமுறை எங்களுக்கு வந்த பாசிப்பயறில் மாலத்தியான் பூச்சிமருந்து எச்சம் காட்டியது. நான் நேரே அந்த விவசாயி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கத்தினேன். மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை, காட்டைச் சுற்றிக் காட்டினார், மருந்து வாசமே இல்லை. பின்னால்தான் தெரிந்தது. நடுவில் இரண்டு வாரம் மூட்டைகள் கிடந்த குடோனில் சுவரிலும் சாக்கு மேலும் வழக்கம் போல மருந்து அடித்திருக்கிறார்கள். சாக்கும் பழைய சாக்கு. மறுபடி போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மோர் கொடுத்தார். அதற்கு அப்புறம் நான் புதுச் சாக்கு நாங்களே அனுப்பாமல் மூட்டை எடுத்ததில்லை, நடுவில் வேறு குடோனில் இறக்கவும் விட்டதில்லை. வண்டியில் முந்தின லோடு என்ன என்று டிரைவரைக் கேட்பதும் அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம்தான்.

மசாலாவுக்கும் இதேதான். சுக்கை யாராவது கிருமி நீக்கித் தருகிறேன் என்றால் எப்படி என்று கேளுங்கள். ஆவியில் என்றால் சரி. கதிர்வீச்சோ எத்திலீன் ஆக்ஸைடோ ஆர்கானிக்கில் சேராது. 2020-ல் ஐரோப்பாவில் நம் எள்ளில் அந்த எத்திலீன் ஆக்ஸைடு அகப்பட்டு, மேலே கொஞ்சம் எள் தூவிய ரொட்டி, பிஸ்கட்டை எல்லாம் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். ஆர்கானிக் என்று விற்றதும் அதில் மாட்டியது. அதன் பிறகு இந்தியாவில் சான்று தந்துகொண்டிருந்த சில நிறுவனங்களையே ஐரோப்பா ஏற்க மறுத்துவிட்டது.

மில்லுக்கு வருகிறேன். உங்கள் விண்ணப்பத்திலேயே மில்லைக் கூலிக்கு அரைக்கும் இடமாகக் காட்ட வேண்டும், ஆய்வாளர் அங்கேயும் வருவார். மில்காரர் சம்மதித்து ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நடைமுறையில், வாரத்தில் ஒரு நாள் காலையில் முதல் அரைவை உங்களுடையது. முந்தின இரவே கழற்றித் துடைத்து, காற்றடித்து வைக்க வேண்டும். காலையில் உங்கள் ஆர்கானிக் தானியத்திலேயே ஐந்து, பத்து கிலோ ஓட்டி, அந்த மாவைத் தனியாக எடுத்துச் சாதாரணக் கணக்கில் விற்றுவிடுங்கள். அதற்கு அப்புறம் வருவதுதான் பாக்கெட்டுக்கு. மிளகாய் அரைக்கும் கல்லில் மட்டும் வேண்டாம். முடிந்தால் ஒரு சின்ன அரவை இயந்திரம் சொந்தமாக வாங்கிவிடுங்கள், கடைக்காரர் ஆர்டரை எழுத்தில் கொடுத்த பிறகு.

ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த லாட் தானியம், எத்தனை கிலோ, எந்தத் தேதி வறுத்தது, அரைத்து எவ்வளவு வந்தது, எத்தனை பாக்கெட், யாருக்குப் போனது. எங்கள் கணக்கில் நூறு கிலோ கேழ்வரகைக் கல் நீக்கி, முளை கட்டிக் காயவைத்து, வறுத்து அரைத்தால் 85 கிலோ அளவுக்கு வரும். உங்களுடையதை நீங்களே எடை போட்டு எழுதி வையுங்கள். ஆய்வாளர் உட்கார்ந்து பார்ப்பது அதைத்தான்: ஒரு டன் வாங்கிவிட்டு ஒன்றேகால் டன் விற்றிருந்தால், மீதி எங்கிருந்து வந்தது? எவ்வளவு நல்ல தானியமும் அந்தக் கேள்விக்கு முன்னால் உங்களைக் காப்பாற்றாது.

நாட்டுச்சர்க்கரை. கவுந்தப்பாடிச் சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, ருசியில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் வேறு, சான்று வேறு. கரும்புக் காட்டுக்கும் சான்று வேண்டும், காய்ச்சும் ஆலைக்கும் வேண்டும். பாகில் அழுக்கெடுக்கவும் நிறம் வெளுக்கவும் ஹைட்ராஸ் என்கிற ரசாயனம் போடுவது பல ஆலைகளில் வழக்கம். ஆர்கானிக் என்றால் சுண்ணாம்பு, வெண்டைச் சாறு இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சர்க்கரையும் கருத்துத்தான் வரும். பளபளவென்று மஞ்சளாக ஒருவர் கொண்டு வந்து ஆர்கானிக் என்றால் நான் அங்கேயே எழுந்துவிடுவேன். சர்க்கரை மாவில் மூன்றில் ஒரு பங்கு வரும் இல்லையா, அது தவறினால் மொத்தமும் தவறிவிடும். முதல் வருடம் சர்க்கரை இல்லாத மாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் காத்திருப்பார்.


மலைச்சாமை எழுதியது:

அக்கா, எங்கள் பக்கம் இந்த முறை சாமை விதைப்பு தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. 720 கிலோ அரிசிக்கு, உமியோடு 1,200 கிலோ என்று குறித்து வைக்கட்டுமா?


மாவு அக்கா எழுதியது:

குறித்து வையுங்கள் தம்பி, ஆனால் உறுதி சொல்ல எனக்குப் பத்து நாள் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கோவைக்குப் போய்ச் சான்றுக்காரரைப் பார்க்கிறேன். மில்காரரிடம் நேற்றே பேசினேன். "வியாழன் காலை முதல் அரைவை உனக்குத்தான், ஆனா அந்த முதல் பத்து கிலோ மாவை வெளியே விக்காதே, என் வீட்டுக்குக் கொடுத்துடு" என்றார். அதையும் நோட்டில் எழுத வேண்டுமா அண்ணா?


சாக்குமூட்டை எழுதியது:

எழுதுங்கள் அம்மணி. தேதி போட்டு, பத்து கிலோ, மில்காரர் வீடு என்று.